காணத் தகுந்த காலம்: வேட்டைப் பருவத்திலிருந்து காட்சிப் பருவம் வரை

கோவில்பதாகை ஏரிக்கரையில் மாலை நடை போவது எங்கள் நண்பர் குழாமின் நெடுநாள் வழக்கம். கல்லூரி ஆசிரியர்கள் மூவர். பணி ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர். நடையை விடப் பேச்சே மிகுதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில வாரங்களுக்கு முன் அந்தக் கணிதப் பேராசிரியர் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய மகள் நைரோபியில் இருக்கிறார். 'அப்பா, வந்து சிங்கமும் யானையும் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று ஆண்டுக்கணக்கில் அழைத்துக்கொண்டிருக்கிறார். "போவதென்று முடிவு செய்துவிட்டேன். எந்த மாதம் போகலாம், சொல்லுங்கள் சார்" என்றார்.

பயண முகவர்களின் துண்டறிக்கைகளில் இதற்கு ஆயத்தமான விடை உண்டு: ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆயினும் நாங்கள் தமிழ் இலக்கியம் படித்தவர்கள். ஒரு வரி விடையோடு நிறைவு கொள்ளும் இனத்தவர் அல்லர். விலங்கைக் காண ஏற்ற காலம் என்ற ஒன்றை யார், எப்போது, எதற்காக வகுத்தார்கள் என்று பேசத் தொடங்கி, அன்று ஏரியை இரண்டு முறை சுற்றிவிட்டோம். அந்தப் பேச்சும், பின்னர் அதன் தொடர்பில் படித்தவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

காலத்தை நிலத்தோடும் விலங்கோடும் சேர்த்தே எண்ணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியத்தின் அடிப்படை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகள். ஆவணியில் கார் தொடங்குகிறது. ஆனி, ஆடியில் முதுவேனில் முடிகிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார், பாலைக்கு இருவகை வேனிலும் பின்பனியும் என்று பொழுதுகள் பகுக்கப்பட்டன. மருதத்துக்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது தனியே சொல்லப்படாமையால் ஆறும் உரியன என்று உரையாசிரியர்கள் கொண்டனர். நிலத்துக்குரிய மாவும் புள்ளும் கருப்பொருளாயின. குறிஞ்சிக்கு யானை, புலி, கரடி. முல்லைக்கு மானும் முயலும். மருதத்துக்கு எருமையும் நீர்நாயும் நாரையும். இவற்றையெல்லாம் வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி அவற்றின் கூர்மையை மழுங்கடித்தவர்களில் நாங்களும் அடக்கம்.

ஆனால் பாலைக்குரிய விலங்குகளாக உரையாசிரியர்கள் தரும் பட்டியலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அங்கும் யானை வருகிறது, புலியும் வருகிறது. குறிஞ்சியில் வெறும் யானையாக நின்றது இங்கே வலிமை இழந்த யானையாக நிற்கிறது. செந்நாய் உடன் வருகிறது. வானில் பருந்தும் கழுகும் வட்டமிடுகின்றன. பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்த வடிவமே அது என்று இளங்கோவடிகள் சொல்லும் விளக்கத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால் செய்தி தெளிவாகும். காடு அதே காடுதான், யானையும் அதே யானைதான்; பொழுது மட்டும் மாறியிருக்கிறது. இலை உதிர்ந்து, புல் காய்ந்து, சுனை வற்றி, எஞ்சிய ஒரு நீர்நிலையை நோக்கி விலங்குகள் நடந்து வருகின்றன. மறைவு நீங்கிவிட்டமையால் கண்ணுக்கு எளிதில் அகப்படுகின்றன.

இன்றைய உலகின் வனவிலங்குச் சுற்றுலா 'சிறந்த பருவம்' என்று விற்பது பெரும்பாலும் இந்தப் பாலைப் பொழுதைத்தான்.

*

இந்தத் தேர்வு சுற்றுலாக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. அவர்களுக்கு முன்னே துப்பாக்கியோடு வந்தவர்களிடமிருந்து பெற்றது. ஆங்கிலேயர் காலத்து மத்திய இந்தியாவில் புலிவேட்டைக்கு உகந்ததாகக் கருதப்பட்டவை ஏப்ரலும் மே மாதமும். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு அஞ்சி மலையேறும் அதே மாதங்களில், வேட்டைப் பித்துக் கொண்டவர்கள் மட்டும் சமவெளிக் காட்டுக்குள் கூடாரம் அடித்தார்கள். அடிமரப் புதர்கள் எரிந்துபோயிருக்கும். நீர் சில மடுக்களில் மட்டும் எஞ்சியிருக்கும். புலி அவற்றை விட்டு வெகுதூரம் போகாது. அதன் அருகே மரத்தில் பரண் கட்டினால் போதும். (நம் தினைப்புனத்துப் பரண் பயிரைக் காக்க எழுந்தது. அவர்களுடைய பரணுக்கு நோக்கம் வேறு. இன்று வனத்துறை எழுப்பும் காட்சிக் கோபுரம் இவ்விரண்டில் யாருடைய பேரன் என்று எங்களுள் ஒரு வழக்கு இன்னும் தீராமல் இருக்கிறது.)

இன்றும் கன்ஹா, ரந்தம்போர் போன்ற காப்பகங்களில் புலியைக் காண ஏற்ற மாதங்கள் எவை என்று கேட்டால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றே சொல்வார்கள். துப்பாக்கி கேமராவாயிற்று. நாட்காட்டி மாறவில்லை.

நம் பக்கத்துக் கதை சற்று வேறு. சென்னை மாகாணத்தில் 1873-இல் காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. நீலகிரியில் 1877-இல் வேட்டைக்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வரையாடும் கடமானும் அருகி வருவதை அவற்றைச் சுட்டவர்களே முதலில் உணர்ந்தார்கள் என்பது முரண்நகையானாலும் உண்மை. அச்சட்டம் கொணர்ந்த புதுமை 'மூடிய பருவம்' என்ற கருத்து. ஆண்டின் இன்ன காலத்தில் இன்ன விலங்கைத் தொடக்கூடாது என்று அரசு அறிவிக்கலாம். வேட்டையாளனின் வசதியை மட்டுமே பார்த்துவந்த நாட்காட்டியில் விலங்கின் பக்கத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டது அப்போதுதான். தன்னலம் கலந்ததாயினும் அது ஒரு தொடக்கம். இதை ஏளனமாகக் கடந்துவிடுவது முறையாகாது என்பது எங்கள் எண்ணம்.

பழைய நாட்காட்டி எப்படிப் புதியதாக உடை மாற்றிக்கொள்கிறது என்பதைக் காணக் கபினிக்குப் போக வேண்டும். 1870-களில் மைசூர்ச் சீமையில் சாண்டர்சன் என்ற அதிகாரி, யானைக் கூட்டங்களை அடைப்புக்குள் விரட்டிப் பிடிக்கும் 'கெட்டா' முறையை நடத்திக் காட்டினார். பின்னர்க் கபினிக் கரையிலுள்ள காக்கனகோட்டை அதற்குப் பேர்போன இடமாயிற்று. அரச விருந்தினர்கள் அமர்ந்து பார்க்கும் காட்சியாகவும் அது வளர்ந்தது. கடைசிக் கெட்டா 1971-இல் நடந்தது. 1974-இல் அணை கட்டி முடிந்தது. பழைய காட்டின் ஒரு பகுதி நீருக்கடியில் போயிற்று. இன்று மார்ச் முதல் மே வரை அந்த நீர்த்தேக்கம் வற்றும்போது கரையோரத்தில் பசும்புல் தலைகாட்டுகிறது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்க, யானைகள் கூட்டங்கூட்டமாக அங்கே இறங்கி வருகின்றன. அதுவே கபினியின் 'சிறந்த பருவம்'. பார்வையாளர் மாடத்தில் வேறு வேறு மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதுமலை இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தைத் தருகிறது. 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமான இக்காட்டின் மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. கிழக்கே மசினகுடி, மாயாறு பக்கம் வறண்ட முட்புதர்க் காடு. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை இங்கே நெருப்புக்காலம். காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பல ஆண்டுகளில் அந்த மாதங்களில் வனத்துறை வாகன உலாவை நிறுத்திவைத்ததுண்டு. விலங்கு மிகத் தெளிவாகத் தெரியும் பொழுதில் கதவு மூடப்படுகிறது. விடுமுறையில் குடும்பத்தோடு வந்து திரும்பியவர்கள் சினந்துகொள்வதை நாங்களும் கேட்டிருக்கிறோம். வலிமை இழந்த யானையை ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் சூழலாம் என்ற கேள்வியை அவர்கள் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

இனி ஆப்பிரிக்கா. 'சஃபாரி' என்ற சொல் சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிப்பது. அரபியின் 'சஃபர்' அதன் வேர். இந்தித் திரைப்பாடல்களில் நாம் கேட்டுப் பழகிய 'சஃபர்' அதன் உடன்பிறப்பு. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896 முதல் 1901 வரை போடப்பட்ட உகாண்டா இருப்புப்பாதைதான் இந்தச் சொல்லை உலகுக்குக் கொண்டு சென்ற வழி. அதைப் போட்டவர்கள் ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலோர் பஞ்சாபியர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். 1898-இல் சாவோ ஆற்றுப்பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் அவர்களை இரவில் இழுத்துச் சென்ற கதை பலர் அறிந்தது. ஆப்பிரிக்கச் சிங்கத்தை மிக நெருக்கத்தில் கண்ட முதல் இந்தியக் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். பருவம் தேர்ந்து போகும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை.

பாதை முடிந்ததும் பயணிகள் வேண்டுமே. அந்த இரயில்வே வெளியிட்ட புகழ்பெற்ற சுவரொட்டி ஒன்று, கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்தைச் சீமான்களின் குளிர்கால இல்லமாக அறிமுகப்படுத்தியது. குளிர்காலம் யாருடையது? இலண்டனுடையது. அங்கே பனி கொட்டும்போது இங்கே வந்து வெயில் காயலாம் என்பது பொருள். பருவத்தை விலங்கும் தீர்மானிக்கவில்லை, நிலமும் தீர்மானிக்கவில்லை. வருகிறவனின் ஊர் வானிலை தீர்மானித்தது. அமெரிக்க அதிபராயிருந்து விலகிய தியடோர் ரூஸ்வெல்ட்டோ 1909 ஏப்ரலில், மழைக்காலத்தில், மொம்பாசாவில் வந்திறங்கினார். பதவி முடிந்த கையோடு புறப்பட்டவர். அவருடைய நாட்காட்டி அரசியலுடையது. 1910 வரை நீண்ட அப்பயணத்தில் அவரும் அவர் மகனும் சுட்ட விலங்குகள் 512.

கிழக்காப்பிரிக்காவின் மழைக்கணக்கு எளிது. மார்ச் முதல் மே வரை நெடுமழை. அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை குறுமழை. இடைப்பட்டவை வறண்ட மாதங்கள். இந்தக் கணக்கின்படி செரங்கெட்டிச் சமவெளியில் ஆண்டு முழுதும் ஒரு பெருநடை நிகழ்கிறது. வில்டபீஸ்ட் என்னும் மாட்டு முகங்கொண்ட மான்கள் பதின்மூன்று இலட்சம் அளவில், வரிக்குதிரைகளும் சிறுமான்களும் உடன்வர, புல்லைத் தேடி வட்டமாக நடக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்குச் சமவெளியில் கன்று ஈனுகின்றன. பெரும்பாலான கன்றுகள் பிப்ரவரியை ஒட்டிய இரண்டு, மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும். மே, ஜூனில் வடமேற்காக நகர்கின்றன. ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் மாரா ஆற்றைக் கடக்கின்றன. அங்கே முதலைகள் காத்திருக்கின்றன. குறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கு நோக்கி. துண்டறிக்கையில் நாம் காணும் படம் அந்த ஆறு கடக்கும் படம்.

இந்த மாபெரும் நடை என்றென்றும் இதே அளவில் நடந்துவந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1880-களின் இறுதியில் மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்கக் கொம்பு முனையில் புகுந்து, சில ஆண்டுகளில் தெற்கு முனை வரை பரவியது. இத்தாலியப் படைக்கென இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மாடுகளோடு அது போயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மாசாய் மக்களின் மந்தைகள் அழிந்தன, பஞ்சம் வந்தது, காட்டு மாடுகளும் வில்டபீஸ்ட்களும் செத்து மடிந்தன. ஐரோப்பியர் வந்து 'ஆளற்ற அழகிய வெளி' என்று வியந்த நிலம் பல இடங்களில் இந்தப் பேரழிவு விட்டுச் சென்ற வெறுமைதான். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு நோய் அடங்கிய பின்னரே, 1960-களில் சில இலட்சங்களாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970-களின் இறுதிக்குள் பத்து இலட்சத்தைத் தாண்டின. அதற்கு முன்னர், 1958-இல் ஜெர்மானியர் பெர்ன்ஹார்டு கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் சிறு விமானத்தில் பறந்து செரங்கெட்டி விலங்குகளை எண்ணி, அவை நடக்கும் தடங்களைக் குறித்தார்கள். 1959 ஜனவரியில் அதே விமானம் விழுந்து மகன் இறந்தார். இன்று பயணச்சீட்டு வாங்குகிறவர் கையில் இருக்கும் மாதவாரி வரைபடத்துக்குப் பின்னால் இத்தகைய உழைப்பும் இழப்பும் இருக்கின்றன.

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவைப் பற்றியும் ஒரு சொல். அங்கோலா மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை மெல்ல இறங்கி, பல மாதம் கழித்து, வானத்தில் ஒரு துளி மேகமும் இல்லாத ஜூன், ஜூலையில் கழிமுகத்தை நிரப்புகிறது. வறண்ட காலமும் வெள்ளமும் ஒன்றாய் வருகின்றன. ஐரோப்பியப் பயணிகளுக்கு இது பெரும் புதிராகத் தோன்றும். குடகில் பெய்த மழைக்குத் தஞ்சையில் ஆடிப்பெருக்குக் கொண்டாடி வந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

*

இவ்வளவு தொலைவு சுற்றிவிட்டு நம் தொண்டைமண்டலத்துக்குத் திரும்பினால், பருவம் பற்றிய இந்த வரலாற்றை வேறொரு வழியில் எழுதிய ஊர் ஒன்று அருகிலேயே இருக்கிறது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல். தாங்கல் என்பது இப்பகுதியில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பூவிருந்தவல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தினமும் கடக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வேடந்தாங்கல் என்றால் வேடனின் தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டில் உள்ளூர்ப் பெருநிலக்காரர்கள் பறவை வேட்டையாடிய இடம் அது என்பது வழக்கு. வேட்டையின் பெயரைச் சுமந்துகொண்டே அது புகலிடமாயிற்று.

ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரியில் நாரைகளைச் சுட்டதைக் கண்டு ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798-இல் ஆட்சியர் லியோனல் பிளேஸ், பறவைகளை யாரும் துன்புறுத்தலாகாது என்று ஒரு கவுல் வழங்கினார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமனும் இலக்குவனும் காத்து நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் அதே துரைதான் இவர். ஏரி காத்த இராமர் கோயிலின் தாயார் சன்னதித் திருப்பணியோடு இவர் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது. அக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. கூதிர்ப் பொழுதின் அடைமழையில் ஓர் ஏரி உடைந்தால் எத்தனை ஊர் அழியும் என்பதை அறிந்த அதிகாரி அவர் என்பதில் மட்டும் ஐயமில்லை. 1858-இல் அந்த ஆணை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் பறவைப் புகலிடமாக அரசின் ஏற்பு. சட்டப்படியான சரணாலயம் பின்னர் வந்தது. 2022-இல் பக்கத்திலுள்ள கரிக்கிலியோடு சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

ஊராரின் முறையீடு பறவைகளின் மீதுள்ள இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டும்போது அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்த நீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. பறவைக்கு ஏரி வேண்டும். ஏரிக்குப் பறவை வேண்டும். நெல்லுக்கு இரண்டும் வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இதில் நாம் பெருமை கொள்ள இடமுண்டு. ஆனால் கம்பெனி அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் துப்பாக்கி அடங்கியிருக்காது என்பதையும் பெருமையின் வேகத்தில் மறந்துவிடலாகாது.

இங்கே பருவம் எப்படி அமைகிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புகிறது. மரங்களின் அடிப்பகுதி நீரில் மூழ்கியதும் கூடுகளுக்கு அகழி போன்ற காவல் கிடைக்கிறது. நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வக்காவும் வந்து கூடுகட்டத் தொடங்குகின்றன. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் சேர்கின்றன. தையிலும் மாசியிலும் கூடு நிறையக் குஞ்சுகள். சுற்றுப்புற ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் மலிந்திருக்கும் நேரம். நீர் வற்ற வற்றக் குஞ்சுகள் பறக்கப் பழகி, வெயில் முற்றுமுன் கூட்டம் கலைகிறது. இவையெல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன என்று பள்ளிக்கூடச் சுற்றுலாக்களில் சொல்லப்படுவதுண்டு. கூடுகட்டுபவை இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே இடம் மாறுபவை. வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றனவே தவிரக் கூடுகட்டுவதில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை காணத் தகுந்த காலம். கபினிக்கும் மாராவுக்கும் இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. பறவைகளின் வளமான பொழுதும் நம் காட்சிப் பொழுதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. பசித்தும் விடாய்த்தும் வெளிப்பட்ட உயிரை அன்று, நிறைந்த உயிரைக் கரைமேல் நின்று பார்க்கிறோம். இது பாலைக் காட்சி அன்று, மருதக் காட்சி.

இதை நாங்கள் உணர்ந்தது ஒரு பிழையால். ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனோம். தேர்வு முடிந்து, கணக்கெல்லாம் ஒப்படைத்து, பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மே மாதத்தின் நடுப்பகுதி. வெடித்த ஏரித்தரையில் ஆடுகள் மேய்ந்தன. மரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகள். கரையோரம் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "பசங்கள எதுக்கு சார் இப்பக் கூட்டிட்டு வந்தீங்க? தை மாசம் வரணும்" என்றார். அகத்திணையியலை முப்பது மணி நேரம் நடத்தியவர்கள் நாங்கள். பெரும்பொழுதைக் கல்வியாண்டின் அட்டவணைக்கு அடகு வைத்திருந்தோம். மாணவர்கள் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்கள்; அன்று மதுராந்தகத்தில் வாங்கித் தந்த தேநீர் அந்தச் சிரிப்புக்கு ஈடாகாது.

பருவத்தை அறிந்துகொண்டால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் இப்போது எழுந்துவிட்டது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழகம் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காணாத வறட்சி. நாட்காட்டியில் கார்த்திகை வந்தது. ஏரியில் நீர் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதே கார்த்திகையில் சென்னையே மூழ்கியது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குச் சரணாலயப் பாதுகாப்பு உண்டு. அதை மூன்று கிலோமீட்டராகக் குறுக்கும் யோசனை 2020-இல் எழுந்தபோது பறவை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். முப்பது ஹெக்டேர் ஏரிக்கு இவ்வளவு பெரிய வட்டம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. கூடு ஏரிக்குள் இருக்கிறது, இரை வெளியே வயல்களில் இருக்கிறது என்பதே விடை.

இத்தகைய கவனிப்பைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தவர்களுள் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க இயலாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கொல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களால் தென்னிந்தியக் காட்டைப் பதிவு செய்தார். தமிழிலும் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பின் தலைப்பிலேயே பருவம் முன்னே நிற்கிறது, பறவை பின்னே வருகிறது. தியடோர் பாஸ்கரன் தொகுத்திராவிட்டால் அக்கட்டுரைகள் பழைய இதழ்களோடு போயிருக்கும். தமிழ் முதுகலைப் பாடத்திட்டங்களில் தந்தைக்கு இடமிருக்கும் அளவுக்கு மகனுக்கு இடமில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை.

*

கணிதப் பேராசிரியருக்கு நாங்கள் என்ன சொன்னோம் என்பதைச் சொல்ல வேண்டும். மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டுமென்றால் ஆகஸ்டு, செப்டம்பர். ஆனால் ஒரு கரையில் விலங்குகளும் மறுகரையில் வண்டிகளும் நெருக்கியடிக்கும் காலம் அது. கன்றுகளைக் காண வேண்டுமென்றால் பிப்ரவரியில் எல்லை தாண்டித் தான்சானியாவுக்குப் போகவேண்டும். அங்கே ஈற்றுக் காலத்தைக் காட்சியாக விற்கிறார்கள். மூணாற்றுக்கு அருகிலுள்ள இரவிகுளத்திலோ வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். செரங்கெட்டியின் பரப்பு வேறு, இரவிகுளத்தின் பரப்பு வேறு என்பது உண்மைதான். ஆயினும் எங்கள் மனம் மூடிய கதவின் பக்கமே சாய்ந்தது. ஜனவரியும் பிப்ரவரியும் கென்யாவிலும் வறண்ட, தெளிவான மாதங்கள், கூட்டம் குறைவு. ஆகவே எங்கள் ஒருமித்த பரிந்துரை தை மாதம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் மே மாதத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டு வந்து நின்றார். அம்பத்தூரில் படிக்கும் பேரனையும் அழைத்துப் போகிறாராம். அவனுக்கு அப்போதுதான் விடுமுறை. நெடுமழையின் கடைசி மாதம். மாராவில் நம் கோவில்பட்டிப் பக்கம் போலக் கரிசல் மண், சக்கரம் சிக்கினால் இழுக்க இன்னொரு வண்டி வேண்டும், புல் இடுப்பளவு நிற்கும், சிங்கம் படுத்திருந்தால் காது கூடத் தெரியாது என்று எச்சரித்தோம்.

"யானைக்குப் புல் இருக்குமில்லையா சார்?" என்று கேட்டார்.

இருக்கும் என்றோம். அப்போது கோவில்பதாகை ஏரியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நடுநீரில் நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாய் மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாங்கள் எதிர்பாராத இடத்தில் தலைதூக்கியது. அவர் தம் கைபேசியில் பேரனுக்கு மழைக்காலணி அளவு கேட்டுக்கொண்டே நடந்தார்.